களிம்பு

ஹாலே-நொய்ஸ்டாட். பதினொரு மாடிக் கட்டடம்.
மின்தூக்கி ஐந்தில் நிற்காது.
கருவிப்பையும் நானும் நாலில் இறங்கி ஏறினோம்.

"பழுது என் கண்ணில்தான்" என்றார்
கதவைத் திறந்தபடியே ஃபிராவ் ஃபோக்ட்.
"விளக்கில் ஒன்றும் இல்லை. உங்களை அழைத்தது
குளியலறைச் சுவரில் மீன் கருகும் மணத்துக்கு."
கண்ணுக்கு வியாழன்தோறும் வைத்தியர்.
மூன்று வகைச் சொட்டு மேசையில்:
நீல மூடி, வெள்ளை மூடி,
மூடி தொலைந்த ஒன்று.

பிரதான ஆளியை இறக்கினேன்.
மின்சாரம் இல்லையென்று இரண்டு தரம் சோதித்தேன்.
சந்திப்புப் பெட்டிக்குள்
சாம்பல் உறையில் அலுமினியம்.
ஒரு அரசு செம்பை மிச்சம் பிடித்த காலத்தில் இழுத்தது.
அரசு போய்விட்டது,
கம்பி இருக்கிறது.
பிறகு வந்த யாரோ ஒருவர்
செப்புக் கம்பி ஒன்றை அதோடு முறுக்கி
டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்.
டேப் உருகிக் கருவாடாகியிருந்தது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள்.
பிடிக்கும். சிவக்காது, அவ்வளவுதான்.
சுரண்டிய இடத்தில் காற்றுப் பட்டால்
கண் மூடித் திறக்குமுன் தோல் மூடிவிடும்.
பார்வைக்கு அதே வெள்ளி.
மின்சாரத்துக்குச் சாத்திய கதவு.
உள்ளே போக முட்டி முட்டி
வாசலிலேயே சூடேறும்.

சைவசமயப் பாடத்தில்
செம்பிற் களிம்புபோல ஆன்மாவில் ஆணவம் என்றெழுதிப்
பத்துக்கு ஒன்பது வாங்கியவள் நான்.
அலுமினியத்தின் மலம் பற்றி
எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை.

கையில் ஒரு குழாய். பற்பசைக் குழாய் அளவு.
நாகத்தூள் கலந்த சாம்பல் கிரீஸ்.
தமிழில் இதை என்னவென்று சொல்வது?
களிம்பு.
நோய்க்கும் அந்தச் சொல்தான்.
ஏணியின் மேல் தனியாகச் சிரித்துவிட்டேன்.

முதலில் பூச்சு, பிறகு சுரண்டல்.
வரிசை மாறக்கூடாது.
களிம்புக்கு அடியில், காற்றுக்குத் தெரியாமல்,
கத்தியின் முதுகால் இழுக்கவேண்டும்.
கொஞ்சம் அழுத்தினால் வடு விழும்.
வடு விழுந்த கம்பி இரண்டாம் மடிப்பில்
சத்தமில்லாமல் முறியும்.
முறிந்தது ஒன்று.
சுவருக்கு வெளியே மூன்று சென்ரிமீற்றர் மிச்சம்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைச் சுரண்டினேன்.

செம்பும் அதுவும் தொட்டுக்கொள்ளாதபடி
தனித்தனி அறையுள்ள இணைப்பான்.
முறுக்களவி டிக் என்னும்வரை திருகு.
அதற்குமேல் ஒரு நூல்கூட இல்லை.

பதினொரு பெட்டி. பின்னேரம் நாலரை.
ஆளியை ஏற்றினேன்.

கூடத்து மின்குமிழ் எரிந்தது.
நின்று எரிந்தது.
ஃபிராவ் ஃபோக்ட் கீழே கதிரை போட்டுக்
கால் மணிநேரம் அண்ணாந்து பார்த்தார்.
இரசாயன ஆலையில் முப்பத்தொரு வருடம்
அளவுமானி முள் பார்த்தவராம்.
"அப்போது என் கண்?"
"கண்ணைப் பற்றி எனக்குத் தெரியாது.
விளக்கு நடுங்கியது உண்மை."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.
சொட்டுப் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து
வெளிச்சத்தில் அசைத்துப் பார்த்தார்.
டிராமில் ஒன்பது நிறுத்தம்,
காத்திருக்கும் அறையில் அதே மூன்று பேர்,
திரும்புகையில் ஒரு துண்டு பிளம் கேக்.
"அப்படியென்றால் வியாழனுக்கு
நான் என்ன செய்வது?"

படிவம் நிரப்பினேன்.
நகக்கண் பத்திலும் களிம்பு,
தாளின் ஓரத்தில் சாம்பல் பெருவிரல்.
அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல ஒதுங்கும்.
இன்று இறுகிய திருகு
ஒருநாள் இறுகாமல் இருக்கும்.
ஆறு மாதத்தில் யாராவது வந்து பார்க்கவேண்டும்.
யாராவது என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.

"எந்த நாள்?"
நாள்காட்டியை அவர் ஏற்கெனவே
ஆணியிலிருந்து கழற்றியிருந்தார்.

வியாழன் என்றேன்.

"பத்து மணிக்கு முன்னால் வேண்டாம்.
கேக் அப்போதுதான் வரும்."